நண்டின் விலை மூன்று பொத்தான்

இன்று நான் நண்டு.
காலை ஒன்பதரைக்கே முடிவாகிவிட்டது, என்னை யாரும் கேட்கவில்லை.
பாயில் மல்லாந்து கிடக்க வேண்டும்.
கால்களை ஆட்டலாம், பேசக் கூடாது.
விலை மூன்று பொத்தான்.
"நேத்து ரெண்டுதானே?" என்கிறாள் மிலென்கா, இடுப்பில் கை வைத்து.
அவளுக்கு நான்கு வயது முடிந்து ஐந்து நாள்.
"காத்து," என்கிறான் கடைக்காரன். "படகு வரலை. விலை ஏறும்."
பொருளாதாரம் படித்த என் தம்பி
இதைச் சொல்ல அரைமணி எடுத்துக்கொள்வான்.

வெளியே நிஜமாகவே காற்று.
புந்தா அரேனாஸ் தெருக்களில் முதல் உரிமை அதற்குத்தான்;
முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வழிவிட்டு நடக்கிறவர்கள் நாங்கள்.
பள்ளியின் தகரக் கூரை
பல்வலிக்காரனைப் போல முனகுகிறது.

என் ஏப்ரன் பையில் ஒரு படிவம்,
சாந்தியாகோவிலிருந்து வந்தது:
பாவனை விளையாட்டால் குழந்தை அடைந்த பயன்கள்.
சொல்வளம். எண்ணறிவு. பொறுமை. பிறர் மனம் அறிதல்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்கூட இல்லை.
நண்டுக்கு இப்போது கை ஒழியவில்லை.

யெர்கோ மேசைமேல் ஏறுகிறான்.
சூப் ஆறும்வரை காத்திருக்கத் தெரியாதவன்,
வரிசையில் விட்டால் முன்னால் நிற்பவனைக் கடிப்பவன்;
போன வாரத்துக் கடி என் முழங்கையில்
இன்னும் மஞ்சளாக இருக்கிறது.
இன்று தலையில் வடிகட்டி,
வாயருகே மரக்கரண்டி.
"கர்ர்ர்... துறைமுக அதிகாரி பேசறேன்.
துறைமுகம் மூடியாச்சு.
யாரும் கடலுக்குப் போகக் கூடாது. கர்ர்ர்."

போயே ஆக வேண்டும் என்கிறது ஒரு படகு.
படகின் பெயர் டானிட்சா,
இடுப்பில் அட்டைப்பெட்டி மாட்டியிருக்கிறது.
"மூடியாச்சு."
"வீட்டுல ஏழு பிள்ளைங்க."
"மூடியாச்சு."
"ஏழு பேருக்கும் பசி. ஒண்ணுக்குக் காது வலி."

அதிகாரி யோசிக்கிறார்.
இரண்டு பாதமும் சேர்த்து, அசையாமல்.
நண்டுக்கு வேறு வேலை இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்:
பதினொரு நிமிடம்.
"யெர்கோ, நில்" என்று நான் சொன்னால்
பதினொரு நொடி தாங்காது.
அதிகாரியை யாரும் நிற்கச் சொல்லவில்லை.
அதிகாரி என்றால் நிற்பார்.

அப்புறம் கடல் பொங்கிற்று,
நீலப் போர்வை, நாலு ஜோடிக் கை.
படகு கவிழ்ந்தது. முழங்கால் சிராய்த்தது.
நிஜ அழுகையா, பொய் அழுகையா என்று
எல்லோரும் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தார்கள்.
"பொய்," என்றாள் டானிட்சா, நிஜக் கண்ணீரோடு.
கடல் மறுபடி பொங்கிற்று.

நாளை விடியலில் யெர்கோவின் அப்பா நண்டு பிடிக்கப் போகிறார்.
திரும்ப இருபது நாள்.
இது எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னதில்லை.
அவனும் என்னிடம் சொன்னதில்லை.
மேசையிலிருந்து இறங்கி வந்து
கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.
"சரி, போ.
ஆனா மணிக்கு ஒரு தடவை கூப்பிடணும்.
பேர் சொல்லணும்.
எத்தனை நண்டுன்னு சொல்லணும்.
நண்டே இல்லாட்டியும்
இல்லைன்னு சொல்லணும்."

நான்கரைக்கு அப்பா வந்தார்,
டீசல் வாடையும் ரப்பர் பூட்சுமாக.
கயிற்றைப் பிடித்தபடி இருவரும் மேட்டில் ஏறினார்கள்.
பையனின் கோட்டில் ஒரு பக்கம் மட்டும்
காற்றுக்குப் படபடக்கவில்லை.

படிவத்தை எடுத்தேன்.
சொல்வளத்தில் "கர்ர்ர்" என்று எழுதி, அடித்தேன்.
எண்ணறிவுக்குக் காதுவலிக்காரப் பிள்ளையையும் சேர்த்து ஏழு.
பொறுமை: பதினொரு நிமிடம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.
கடைசிக் கட்டத்தில்
பேனா முனையை வைத்தேன், ஒரு புள்ளி விழுந்தது,
அப்படியே இருக்கட்டும் என்று மடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும்
விளையாட்டுச் சாமான்களை எண்ணி எழுதுவது என் பொறுப்பு.
தட்டு ஆறு.
வடிகட்டி ஒன்று, கைப்பிடி ஆடுகிறது.
பொத்தான் நாற்பத்தொன்று
(நாற்பத்துநான்கு இருந்தது, என் விலை யாரிடமோ இருக்கிறது).
மரக்கரண்டி: கடலில்.